நம் காட்டில் தாக்குப்பிடிக்கக் கற்பது: தண்ணீர், திசை, தீ, கிழங்கு

கேள்வி இது: காட்டில் மாட்டிக்கொண்டால் தாக்குப்பிடிக்கவும், காடு தருவதை வைத்தே சில நாள் வாழவும் கற்றுக்கொள்ள வேண்டும். எங்கே தொடங்குவது, எதைப் பழகுவது, என்ன வாங்குவது?

கேட்டவர் தமிழ்நாட்டில் இருக்கிறார். அதனால் மேற்குத் தொடர்ச்சி மலை, அதன் கிழக்குச் சரிவில் உள்ள வறண்ட காடுகள், ஜவ்வாது, கொல்லிமலை, சிறுமலை மாதிரியான இடங்களை மனதில் வைத்தே பதில் சொல்கிறேன். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. இந்த விஷயத்தில் கிடைக்கும் காணொளிகளில் பெரும்பாலானவை பனி விழும் நாடுகளில் எடுக்கப்பட்டவை. அங்கே ஆளை முதலில் சாய்ப்பது குளிர். அதனால் தீயும் குடிசையும் முதல் பாடம். நம் ஊரில் பங்குனி, சித்திரையில் ஆளைச் சாய்ப்பது வெயிலும் தாகமும். ஆடி, ஆவணியில் சோலைக்காட்டில் நனைந்த உடம்போடு காற்றில் நின்றால் 15 டிகிரியிலேயே உடல் விறைக்கத் தொடங்கும். ஆக நம் வரிசை வேறு: நிழலும் தண்ணீரும், பிறகு தேடி வருகிறவர்கள் கண்ணில் படுவது, நனையாமல் இருப்பது, தீ, எல்லாவற்றுக்கும் கடைசியில் சாப்பாடு.

எங்கே பழகுவது என்பதையும் தொடக்கத்திலேயே தீர்த்துவிடலாம். காப்புக்காட்டுக்குள் அனுமதியின்றி நுழைவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டின் தமிழ்நாடு வனச் சட்டப்படி குற்றம். முயல், உடும்பு, காட்டுப்பறவை எதைப் பிடித்தாலும் 1972ஆம் ஆண்டின் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் பாயும். 2006ஆம் ஆண்டின் வன உரிமைச் சட்டம் தேன், கிழங்கு போன்ற சிறு வன மகசூல் எடுக்கும் உரிமையைக் காட்டில் வாழும் மக்களுக்குத் தந்திருக்கிறது, மலையேறப் போகிறவர்களுக்கு இல்லை. ஆகவே தீ, கத்தி, கயிறு, தண்ணீர்ப் பயிற்சி எல்லாம் உங்கள் தோட்டத்தில், நண்பரின் மானாவாரி நிலத்தில், உரியவர் அனுமதி தந்த இடத்தில் நடக்கட்டும். காட்டை நடந்து பார்க்க வனத்துறை 2024இல் தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் 40 பாதைகள் அறிவிக்கப்பட்டன. வழிகாட்டிகள் பலர் மலைவாழ் இளைஞர்கள். அவர்களிடம் ஒரு நாள் பேசிக்கொண்டு நடப்பது எந்தக் காணொளியையும் விட மேலான பாடம். கோடைத் தீப்பருவத்தில் பாதைகளை மூடுவது வழக்கம், முன்கூட்டியே பார்த்துக்கொள்ளுங்கள்.

தண்ணீருக்கு வருவோம். வெயிலில் மலை ஏறும் ஆளுக்கு நாளைக்கு 4 முதல் 6 லிட்டர் வேண்டும். அதைத் தூக்கிப் போவதே சிறந்த வித்தை. தீர்ந்துவிட்டால் தேட வேண்டிய இடம் பள்ளம். மேலேயிருந்து பார்க்கும்போது காய்ந்த காட்டின் நடுவே கரும்பச்சையாக ஒரு கோடு ஓடினால் அது ஓடை. நீர்மருது, நாவல், நாணல் நிற்கும் இடத்தில் அடியில் ஈரம் இருக்கும். காய்ந்த ஓடையில் நேராக ஓடும் பகுதியில் தோண்டாதீர்கள். ஓடை வளையும் இடத்தில் வெளிவளைவின் கரையோரம், பாறை குறுக்கே மறிக்கும் இடத்தில் நீர் வரும் பக்கம், இந்த இரண்டிலும்தான் வெள்ளம் வடிந்த பிறகும் நீர் தங்கும். முழங்கை ஆழத்துக்கு மணலைப் பறியுங்கள். மணல் கையில் உருண்டை பிடித்தால் இன்னும் ஒன்று, இரண்டு அடி போகலாம். பிடிக்காவிட்டால் அந்தக் குழியை விட்டுவிடுங்கள், தோண்டுகிற வியர்வைக்குக்கூட நீர் கிடைக்காது. ஊறி வரும் முதல் நீரை இறைத்துக் கொட்டிவிட்டுக் காத்திருந்தால் அடுத்தது தெளிவாக வரும். யானையும் இப்படித்தான் ஊற்றுப் பறிக்கும். யானை பறித்த குழியில் நீர் எடுக்கலாம், ஆனால் நல்ல வெளிச்சத்தில், சீக்கிரமாக. அந்தி நேரத்தில் அங்கே உட்கார்ந்திருக்கக் கூடாது.

கலங்கிய நீரை இரண்டு கட்டமாகக் கையாள வேண்டும்: முதலில் தெளிவித்தல், பிறகு கிருமி நீக்கல். இவை ஒன்றல்ல. வேட்டித் துணியை நாலாக மடித்து வடிகட்டலாம். தேற்றாங்கொட்டையைச் சட்டியின் உட்புறத்தில் உரசி, நீரை ஊற்றிச் சில மணி நேரம் அசையாமல் வைத்தால் மண் அடியில் படியும். இது நம்மிடம் இருக்கும் அருமையான பழைய அறிவு. ஆனால் அது மண்ணைத்தான் இறக்குகிறது, வயிற்றுப்போக்குக் கிருமியை முழுதாக நீக்குவதில்லை. இன்னொரு எச்சரிக்கை: தேற்றாவும் எட்டியும் ஒரே பேரினத்தைச் சேர்ந்த மரங்கள். தேற்றாங்கொட்டை சிறியது, உருண்டை. எட்டிக்கொட்டை சட்டைப் பொத்தான் போலத் தட்டை, சாம்பல் நிறம், பட்டு போன்ற மினுமினுப்பு. எட்டி ஆளைக் கொல்லும். நாட்டு மருந்துக் கடையில் வாங்கி இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பார்த்துக் கண்ணுக்குப் பழக்கிக்கொள்ளுங்கள்.

தெளிந்த பிறகு கொதிக்க வைத்தல். நன்றாகக் குமிழியிட்டுக் கொதிக்கத் தொடங்கிய பின் ஒரு நிமிடம் போதும். உதகை மாதிரி 2000 மீட்டருக்கு மேலான இடத்தில் தண்ணீர் குறைந்த வெப்பத்திலேயே கொதித்துவிடும் என்பதால் 3 நிமிடம். தீ இல்லையென்றால் வெயில் இருக்கிறது. நிறமில்லாத பெட் (PET) பிளாஸ்டிக் பாட்டிலில், 2 லிட்டருக்கு மேல் போகாமல், நீரை நிரப்பி முழு வெயிலில் 6 மணி நேரம் படுக்க வைக்க வேண்டும். பாதி வானம் மேகமாக இருந்தால் 2 நாள். நீர் போதிய தெளிவா என்று பார்க்க, செய்தித்தாள் தலைப்பின் மேல் பாட்டிலை நிறுத்தி வாய்வழியாகக் கீழே பாருங்கள். எழுத்து படிக்க முடியாவிட்டால் கலங்கல் அதிகம், வெயில் உள்ளே போகாது. தேயிலைத் தோட்டத்துக்குக் கீழே ஓடும் ஓடையை நம்பவே நம்பாதீர்கள். வால்பாறையிலும் நீலகிரியிலும் பார்க்கக் கண்ணாடி போல இருக்கும், ஆனால் பூச்சிமருந்து கொதிக்க வைத்தாலும் போகாது.

கள்ளியை வெட்டினால் நீர் கிடைக்கும் என்ற நம்பிக்கை நம் காட்டில் கண்பார்வையையே பறிக்கும். சதுரக்கள்ளி, திருகுகள்ளியில் இருப்பது தண்ணீர் இல்லை, சுடும் பால்.

வழி தவறியது தெரிந்ததும் செய்ய வேண்டியது நிற்பது. பலருக்கும் தெரியும், ஆனால் செய்வது கடினம். உடம்பு நடக்கச் சொல்லும். உட்கார்ந்து தண்ணீர் குடியுங்கள், கடைசியாக நிச்சயமாகத் தெரிந்த இடம் எது என்று யோசியுங்கள், அவசர உதவி எண் 112ஐ முயன்று பாருங்கள். கிளம்பும் முன் எந்தப் பாதை, எத்தனை பேர், எத்தனை மணிக்குத் திரும்புவோம் என்று வீட்டில் ஒருவரிடம் எழுதிக் கொடுத்திருந்தால் தேடுகிறவர்களுக்குப் பாதி வேலை முடிந்தது. விசில் மூன்று முறை, ஒரு நிமிட இடைவெளி, மறுபடி மூன்று. தொண்டை ஒரு மணி நேரத்தில் கட்டிவிடும், விசில் கட்டாது. சின்னக் கண்ணாடி ஒன்று வெயிலில் பல கிலோமீட்டர் தாண்டித் தெரியும். 'ஓடையோடு கீழே இறங்கு, ஊர் வரும்' என்பது சமவெளிக்குச் சரி. மேற்குத் தொடர்ச்சி மலையில் ஓடை அருவியாக விழும். பாசிப் பாறையில் காலை ஒடித்துக்கொண்டவரைத் தூக்கிவருவது மிகவும் சிரமம்.

திசை அறிவதில்தான் இறக்குமதிப் பாடங்கள் அதிகமாக ஏமாற்றும். கைக்கடிகாரத்தின் மணி முள்ளைச் சூரியனுக்கு நேராக வைத்துத் தெற்கைக் கண்டுபிடிக்கும் முறை ஐரோப்பாவில் பொருந்தும், ஏனெனில் அங்கே நண்பகல் சூரியன் எப்போதும் தெற்கே இருக்கும். நமக்குத் தலைக்கு மேல் வந்துவிடும். சென்னையில் ஏப்ரல் கடைசி வாரத்திலிருந்து ஆகஸ்ட் நடுப்பகுதி வரை வடக்கேகூடச் சாயும். அந்த மாதங்களில் இந்த முறை உங்களை நேர் எதிராக அனுப்பலாம். மரத்தில் பாசி வடக்குப் பக்கம் படரும் என்பதும் அப்படித்தான், இங்கே சாரல் அடிக்கும் பக்கமெல்லாம் படரும்.

நமக்குப் பொருந்துவது நிழல்கோல். சமமான தரையில் ஒரு மீட்டர்க் குச்சியை நட்டு, காலை 9 மணி வாக்கில் நிழலின் நுனியில் ஒரு கல் வையுங்கள். குச்சியின் அடியில் கயிறு கட்டி, கல் வரை நீளம் எடுத்து, ஒரு வட்டக்கோடு போடுங்கள். பிற்பகலில் நிழல் நுனி அந்தக் கோட்டை மறுபடி தொடும் இடத்தில் இரண்டாவது கல். முதல் கல் மேற்கு, இரண்டாவது கிழக்கு. நேரமாகும், ஆனால் எந்த மாதத்திலும் சரியாக வரும். உட்கார்ந்து காத்திருக்கவும் வைக்கும், அதுவும் நல்லதே. இரவில் துருவ நட்சத்திரத்தைத் தேடி அலைய வேண்டாம். சென்னையில் அது 13 டிகிரி உயரம், கன்னியாகுமரியில் 8. நீட்டிய கையின் முட்டி ஒன்று ஏறக்குறைய 10 டிகிரி, ஆக மரமும் மேடும் அதை மறைத்துவிடும். மார்கழி, தை மாதங்களில் வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று மீன்கள், வேட்டைக்காரன் உருவத்தின் இடுப்புக்கச்சை, ஏறத்தாழ நேர் கிழக்கில் உதித்து நேர் மேற்கில் மறையும். அவை அடிவானத்தை ஒட்டி இருக்கும்போது திசை கையில் கிடைத்த மாதிரி.

தங்குவதற்கு 10க்கு 10 அடித் தார்ப்பாய், 15 மீட்டர் நைலான் கயிறு போதும். இலைக்குடிசை கட்டுவது அழகான கலை, ஆனால் மூன்று மணி நேர உழைப்பும் இரண்டு லிட்டர் வியர்வையும் கேட்கும். இடம் தேர்ந்தெடுப்பதுதான் முக்கியம். காய்ந்த ஓடைக்குள் படுக்காதீர்கள், மேலே மலையில் பெய்த மழை இங்கே ஒரு துளி விழாமலேயே காட்டாறாக வரும். யானைத்தடம், தண்ணீர்க்கரை வேண்டாம். பட்ட கிளை தொங்கும் மரத்தடி வேண்டாம். பாறை முகட்டின் அடியில் கறுப்பாக அரைவட்டங்கள் தொங்கினால் அது மலைத்தேன் அடை. அங்கே புகை போட்டால் நிலைமை கைமீறிவிடும். தரையில் படுப்பதைவிட, மரங்களுக்கிடையே கட்டும் கொசுவலைத் தொட்டிலில் படுப்பது நல்லது. காரணம் கட்டுவிரியன். அது இரவில் வரும், தூங்குகிறவரைக் கடிக்கும், கடித்த இடம் பல சமயம் வலிக்கவே வலிக்காது, விடியும்போது இமை தொங்கி மூச்சு திணறும். எந்தப் பாம்புக்கடிக்கும் கடிவாய்க்கு மேலே இறுக்கிக் கட்டுப் போடுவது, கீறுவது, உறிஞ்சுவது எல்லாம் கெடுதல். கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, மோதிரம், கொலுசைக் கழற்றி, நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு, நஞ்சுமுறி மருந்து இருக்கும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். 108க்கு அழையுங்கள்.

தீ பற்றிச் சொல்வதற்கு நிறைய இருக்கிறது. எப்போதும் இரண்டு லைட்டர், மூடியிறுகிய டப்பாவில் தீப்பெட்டி, ஒரு ஃபெரோ கம்பி (கத்தியால் சுரண்டினால் தீப்பொறி தரும் கம்பி). பஞ்சில் வாசலின் தேய்த்து உருட்டிய உருண்டைகள் பத்து. இழைபிரித்து ஒரு பொறி விட்டால் ஒவ்வொன்றும் சில நிமிடம் நின்று எரியும். சைக்கிள் ட்யூப் துண்டு மழையிலும் எரியும். இயற்கையில் கிடைப்பதில் பன்னாடைக்கு ஈடில்லை. தென்னை, பனை மட்டையின் அடியில் துணி போலப் பின்னியிருக்கும் அந்த நாரைக் கசக்கினால் பொறியை வாங்கிக்கொள்ளும். இலவம்பஞ்சு 'பக்'கென்று எரிந்து ஒரு நொடியில் அணைந்துவிடும், தனியாக உதவாது, தேங்காய் நாரோடு கலந்தால் உதவும். மழைக்காட்டில் தரையில் கிடக்கும் சுள்ளி எல்லாம் ஊறிப்போயிருக்கும். நின்றபடியே பட்டுப்போன, கட்டைவிரல் முதல் மணிக்கட்டு வரை பருமனுள்ள கிளையை வெட்டிப் பிளந்து உள்வயிரத்தைச் சீவுங்கள், அது உலர்ந்திருக்கும். கருங்குங்கிலிய மரத்தின் பிசின் கிடைத்தால் ஈரத்திலும் புகைந்து எரியும். சேங்கொட்டை மரத்தை மட்டும் எரிக்காதீர்கள், அதன் சாறு தோலைக் கொப்பளிக்க வைக்கும், புகையும் ஆகாது.

தொடங்குகிறவர்கள் செய்யும் பிழை ஒன்றே: பற்றவைத்த பிறகு விறகு தேடப் போவது. தீக்குச்சி பருமன், பென்சில் பருமன், கட்டைவிரல் பருமன் என்று மூன்று குவியல், ஒவ்வொன்றும் கைக்குள் அடங்காத அளவு, முதலில் சேர வேண்டும். ஓடைக்கல்லை அடுப்புக்கல்லாக வைக்காதீர்கள், உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடிக்கும். சுற்றிலும் 3 மீட்டருக்குச் சருகை மண் தெரியும்வரை கூட்டித் தள்ளுங்கள். அணைக்கும்போது நீரூற்றிக் கிளறி, புறங்கையை வைத்துப் பார்த்துச் சூடு துளியும் இல்லை என்று தெரிந்த பிறகுதான் நகர வேண்டும்.

கடைந்து தீ எடுக்க ஆசையிருந்தால் வில்லோடு, அதாவது வில்லின் கயிற்றைக் கோலில் சுற்றி முன்னும் பின்னும் இழுத்துச் சுழற்றிப் பழகுங்கள், வெறும் கையால் கடைவது கொப்புளத்தில்தான் முடியும். காய்ந்த எருக்கந்தண்டு அல்லது நகம் பதியும் அளவு மென்மையான ஏதாவது உலர்ந்த மரம், கட்டைவிரல் பருமன், ஒரு சாண் நீளம்: இது கடைகோல். கல்யாண முருங்கை மாதிரி லேசான மரத்தில் விரல் தடிமனுக்கு ஒரு பலகை: அடிக்கட்டை. பச்சை எருக்கைத் தொடாதீர்கள், பால் கண்ணில் பட்டால் ஆபத்து. மேலே அழுத்திப் பிடிக்கக் குழிந்த கொட்டாங்குச்சித் துண்டு, ஒரு சொட்டு எண்ணெயோடு. அடிக்கட்டையில் குழி விழுந்ததும் ஓரத்திலிருந்து நடுவுக்குக் கொஞ்சம் முன்பு வரை, பலகாரத்தில் எட்டில் ஒரு துண்டு எடுத்த மாதிரி, ஆப்பு வடிவில் வெட்டுங்கள். தூள் அதில்தான் சேரும். தூள் வெளிர்பழுப்பாகக் கரடுமுரடாக இருந்தால் அழுத்தம் அதிகம், வேகம் குறைவு. குழி பளபளவென்று கண்ணாடி போலாகிக் கிறீச்சிட்டால் அழுத்தம் போதாது. ஒரு சிட்டிகை மணல் போட்டு மெருகைக் கலைத்துவிட்டுத் தொடருங்கள். தூள் கறுத்து, கையை நிறுத்திய பிறகும் தூளிலிருந்தே புகை எழுந்தால் கங்கு பிறந்துவிட்டது. அப்போது ஊதிக் கெடுக்கக் கூடாது. அரை நிமிடம் அது தன்னைத் திரட்டிக்கொள்ளட்டும், பிறகு பன்னாடைக் கூட்டில் தட்டிப் போட்டு மெல்ல ஊதுங்கள்.

காட்டுத்தீ வந்தால் என்ன செய்வது என்பதும் இதே பாடத்தில் அடங்கும். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேற்றக் குழுக்களைத் தீ சூழ்ந்து இருபதுக்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். காய்ந்த புல் மூடிய சரிவில் தீ மேல்நோக்கி ஓடும் வேகத்தை ஆளால் முந்த முடியாது. மேலே ஓடாதீர்கள். பக்கவாட்டில் விலகி, வெறும் பாறை, அகன்ற ஓடைப்படுகை, ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலம் என்று எரிய எதுவுமில்லாத இடத்துக்குப் போங்கள். மாசி, பங்குனியில் புல்மலைக்குப் போகாமல் இருப்பது அதைவிட மேல்.

இனி சாப்பாடு. பட்டினியோடு மனிதன் சில வாரங்கள் இருக்க முடியும், ஆகவே இரண்டு மூன்று நாளில் மீட்கப்படப் போகிறவர் தெரியாத எதையும் வாயில் வைக்கத் தேவையே இல்லை. காட்டை நம்பி வாழ்வது என்றால் கணக்கைப் பாருங்கள். கீரை 100 கிராமுக்கு ஏறக்குறைய 30 கலோரி, வயிறு நிரம்பும், தெம்பு வராது. காட்டுவள்ளிக் கிழங்கு 100 கிராமுக்கு 100 கலோரிக்குக் கொஞ்சம் மேல். ஒரு நாளைக்கு 2 கிலோ வேண்டும், அதைக் கல் நிலத்தில் கோலால் தோண்டப் பல மணி நேரம் போகும். பளியர், இருளர் போன்ற பழங்குடியினர் தலைமுறைகளாகப் பழகிய இடத்தில், எந்தக் கொடி எங்கே என்று தெரிந்து, கூட்டமாகச் செய்வது அது. சமவெளி இருளர்கள் அறுவடை முடிந்த வயலில் எலி வளையைத் தோண்டி, எலியோடு அது சேர்த்துவைத்த நெல்லையும் எடுப்பார்கள். நிலத்தை நம்பி வாழ்வதில் பெரும்பகுதி இப்படி வயலோரம், ஏரிக்கரை, புறம்போக்கில் நடப்பதுதான். உங்கள் பயிற்சியும் அங்கேயே தொடங்கட்டும்: தொய்யக்கீரை, பண்ணைக்கீரை, சாரணை, மூக்கிரட்டை. பழத்தில் களா, சூரை, இலந்தை, நாவல், ஈச்சம்பழம், பாலைப்பழம். ஊர்ப் பெரியவர் ஒருவர் காட்டிக் கொடுத்து, நீங்களே பூவிலும் காயிலும் பார்த்து உறுதி செய்த பிறகே சாப்பாட்டுப் பட்டியலில் சேருங்கள். வருடத்துக்குப் பன்னிரண்டு செடி போதும்.

உதட்டில் தடவி, நாக்கில் வைத்து, காத்திருந்து சோதிக்கும் முறை ஒன்றைப் பலர் சொல்வார்கள். அதை நான் ஏற்கவில்லை. நச்சுக்காளான் கெடுதல் தெரிய 6 மணி நேரத்துக்கு மேலாகும், அதற்குள் ஈரலுக்குப் போய்விடும். காளானை இந்தப் பாடத்திலிருந்தே எடுத்துவிடுங்கள். குன்றிமணி, எட்டி, காட்டாமணக்கு, ஊமத்தை, அரளி, ஒடுவந்தழை ஆகிய ஆறையும் உணவுச் செடிகளுக்கு முன்பே கற்க வேண்டும்.

கிழங்கில் இன்னும் கவனம். செங்காந்தள், அதாவது கண்வலிக்கிழங்கு, வள்ளி வளரும் அதே புதரில் வளரும். அதன் நஞ்சு வேகவைத்தாலும் போகாது, சில மணி நேரம் கழித்து வாந்தி பேதியாகத் தொடங்கி உறுப்பு உறுப்பாகப் பாதிக்கும். வேறுபாடு இலையில்: காந்தள் இலையின் நுனி சுருண்டு பற்றுக்கம்பியாக நீளும், நரம்புகள் நீளவாக்கில் ஓடும். வள்ளியின் இலை இதய வடிவம், காம்பு சேரும் இடத்திலிருந்து நரம்புகள் வில்லாக வளைந்து நுனிக்குப் போகும், கொடி தண்டாலேயே சுற்றி ஏறும். காந்தள் கிழங்கு கலப்பை போல வளைந்து கவைத்திருக்கும், அதனால்தான் கலப்பைக் கிழங்கு என்ற பெயர். மூன்று சிற்றிலை கொண்ட வள்ளி வகையில் நச்சுள்ளதும் உண்டு, புதியவர் அதைத் தொடவே வேண்டாம். காய்வள்ளி கசக்கும், அரிந்து, ஊறவைத்து, நீரை மாற்றி மாற்றி வேகவைத்தாலொழிய ஆகாது.

சிக்கல் என்னவென்றால், கிழங்கு திரண்டிருக்கும் தை, மாசியில் இலை உதிர்ந்து கொடி வெறும் நாராகக் கிடக்கும், எது எது என்று தெரியாது. அதனால் ஐப்பசி, கார்த்திகையில் இலை தழைத்திருக்கும்போதே உங்கள் நிலத்தில் உள்ள வள்ளிக்கொடியின் அடியில் ஒரு துணிக்கீற்றைக் கட்டி வையுங்கள். கொடி கையோடு தொடர்ந்து வரும் கிழங்கை மட்டும் எடுங்கள், மண்ணில் தனியாகக் கிடைத்ததை எறிந்துவிடுங்கள். எடுத்த பிறகு கொடியோடு ஒட்டிய தலைப்பகுதியை ஒரு விரல் நீளத்துக்கு விட்டு அறுத்து, அதே குழியில் நட்டு, தோண்டிய மண்ணையும் சருகையும் மேலே மூடுங்கள். அடுத்த மழைக்கு அது மறுபடி தளிர்க்கும், இளகிய மண்ணில் அடுத்த வருடக் கிழங்கு இறங்குவதும் சுலபம்.